பற்றாத அடுப்பும் இருநூறு வருடக் கதையும்



நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு. "கேஸ் அடுப்பு பற்ற மாட்டேன் என்கிறது. தெரிந்த மெக்கானிக் இருந்தால் நம்பர் அனுப்பவும்." உடனே நாலு பேர் நாலு நம்பர் அனுப்புவார்கள். மெக்கானிக் வருவார், பர்னரைக் கழற்றித் துடைத்து மாட்டுவார், காசை வாங்கிக்கொண்டு போவார். அவர் என்ன செய்தார் என்று நாம் பார்த்திருக்க மாட்டோம். அடுத்த மாதம் மறுபடி அதே செய்தி, வேறு ஃபிளாட்டிலிருந்து வரும்.

அடுப்பு ஏன் பற்றவில்லை என்று தெரிய வேண்டுமானால், அது எப்படிப் பற்றுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மூன்று வேண்டும்: கேஸ், காற்று, பொறி. மூன்றுக்கும் தனித்தனிச் சரித்திரம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் கோளாறு எங்கே என்பது தானே விளங்கும்.

முதலில் கேஸ்

கேஸ் அடுப்புக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஷார்ப், இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் நகரத்துக்காரர். வருடம் 1826. அவர் எரித்தது நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த வாயு. அது தெருவிளக்குக்காகக் குழாயில் வந்துகொண்டிருந்தது. அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு என்பதால் கசிந்தால் விஷம். வீட்டுக்குள் கொண்டுவர ஜனங்கள் பயந்தார்கள். அடுப்பு பரவலாகப் பல ஆண்டுகள் ஆயின.

நம் சிலிண்டரில் இருப்பது அந்த வாயு அல்ல. அமெரிக்க வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங், 1910 வாக்கில், பெட்ரோலிலிருந்து வீணாக ஆவியாகிப் போவது என்ன என்று ஆராய்ந்தபோது அதில் புரொப்பேனும் பியூட்டேனும் இருப்பதைக் கண்டார். அழுத்தினால் திரவமாகும், திறந்தால் வாயுவாகும். 1913இல் காப்புரிமை பெற்றார். அதுதான் எல்.பி.ஜி.

நம் நாட்டில் 1950களின் நடுவில் பர்மா ஷெல் கம்பெனி பம்பாயில் எல்.பி.ஜி. விற்கத் தொடங்கியது. 1965இல் கல்கத்தாவில் முதல் இண்டேன் இணைப்பு வந்தது. 1976இல் பர்மா ஷெல் அரசுடைமையாகி, பிறகு பாரத் பெட்ரோலியம் ஆனது. அதுவரை, அதற்குப் பிறகும் வெகுகாலம், நம் வீடுகளில் இருந்தது பம்ப் ஸ்டவ். 1892இல் சுவீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வாரிசு அது. அந்த ஸ்டவ்வோடு கூடவே ஒரு 'பின்' இருக்கும். தகரத் துண்டில் செருகிய மெல்லிய கம்பி. அடுப்பு சரியாக எரியாவிட்டால் முதலில் துவாரத்தில் பின் குத்துவார்கள். கேஸ் வந்ததும் பின் போய்விட்டது. ஆனால் துவாரம் போகவில்லை. இன்றும் உங்கள் அடுப்புக்குள் நாபுக்குப் பின்னால் 'ஜெட்' என்ற பித்தளைத் துண்டு இருக்கிறது. அதன் ஓட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

இன்னொரு விஷயம். சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். ஆனால் ரெகுலேட்டர் அதைக் குறைத்து அடுப்புக்கு அனுப்புவது சுமார் 30 மில்லிபார் மட்டுமே. ஒரு வாளியில் ஒரு அடி ஆழத் தண்ணீர் அடியில் கொடுக்கும் அழுத்தம் எவ்வளவோ, அவ்வளவுதான். அதனால்தான் டியூப் லேசாக மடிந்தாலும், ஜெட்டில் பொடித் தூசி அடைத்தாலும் அடுப்பு சோர்ந்துபோகிறது.

அடுத்தது காற்று

1855 வாக்கில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புன்சன் என்ற பேராசிரியர், அங்கே கருவிகள் செய்துகொடுத்த பீட்டர் டெசாகாவின் உதவியோடு ஒரு பர்னரை உருவாக்கினார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் எல்லோரும் பார்த்ததுதான். அதற்கு முன் கேஸ் மஞ்சளாக, புகையோடு எரிந்தது. வாயுவை எரிவதற்கு முன்பே காற்றோடு கலந்தால் நீலமாக, புகையில்லாமல், அதிகச் சூட்டோடு எரியும் என்பதே புன்சன் பர்னரின் அடிப்படை. நம் சமையலறை பர்னர் ஒவ்வொன்றும் அதன் பேரப்பிள்ளை.

ஒரு பங்கு எல்.பி.ஜி. முழுதாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். காற்றில் கேஸ் சுமார் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்றாது, 9 சதவீதத்துக்கு மேலே இருந்தாலும் பற்றாது. ஆகவே கேஸ் வந்தும் பற்றவில்லையென்றால் பெரும்பாலும் கலவையில்தான் கோளாறு. பால் பொங்கி வழிந்து பர்னர் துளைகளை அடைத்திருக்கும். கழுவிவிட்டு ஈரத்தோடு மாட்டியிருப்போம். மேல் மூடி கோணலாக உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நாள் ஊருக்குப் போய்வந்தால் அடிக்குழாயில் பூச்சி குடியேறியிருக்கும். தீ மஞ்சளாக எரிவதும் பாத்திரத்தின் அடி கறுப்பதும் இதற்கு முன்னறிவிப்பு.

மூன்றாவது பொறி

உரசினால் பற்றும் தீக்குச்சியை 1827இல் விற்கத் தொடங்கியவர் ஜான் வாக்கர், ஓர் ஆங்கிலேய மருந்துக் கடைக்காரர். நம் பக்கம் 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். பிறகுதான் லைட்டர். 1880இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாகிறது என்று கண்டுபிடித்தார்கள். பியர் கியூரிதான் பின்னாளில் மேரி கியூரியின் கணவர். 'டிக்' என்று லைட்டரை அமுக்கும்போது உள்ளே ஒரு சிறு சுத்தியல் அப்படிப்பட்ட ஒரு துண்டைத் தட்டுகிறது. பல ஆயிரம் வோல்ட் உண்டாகிப் பொறி பறக்கிறது.

இப்போது புது ஃபிளாட்டுகளில் 'ஹாப்' வைக்கிறோம். சிலவற்றில் பொறிக்கு பேட்டரி. அது தீர்ந்தாலும், பர்னர் பக்கத்து முனையில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தாலும் பொறி வராது. சிலவற்றில் இன்னொரு சிறிய குச்சியும் உண்டு. தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு அது. இரண்டு உலோகங்கள் சேருமிடத்தில் சூடு பட்டால் மின்சாரம் ஓடும் என்று 1821இல் சீபெக் கண்டதை வைத்துச் செய்தது. நாபைப் பிடித்திருக்கும்வரை எரிந்து, விட்டதும் அணைந்தால், அந்தக் குச்சி இன்னும் சூடாகவில்லை அல்லது அழுக்காக இருக்கிறது என்று அர்த்தம். பற்றிய பிறகு சில விநாடி அமுக்கிப் பிடியுங்கள்.

ஏன் நிதானம் வேண்டும்

எல்.பி.ஜி.க்குச் சொந்த வாசனை கிடையாது. நமக்கு வரும் நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்ப்பதால் வருவது. எரிவாயுவில் வாசனை சேர்ப்பது கட்டாயமாகப் பரவியதற்குப் பின்னால் ஒரு துயரமான சம்பவம் இருக்கிறது.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊர், எண்ணெய்க் கிணறுகளால் பணம் கொழித்த இடம். அங்கே பெரிய பள்ளிக்கூடம். 1937ஆம் வருடத் தொடக்கத்தில் பள்ளி நிர்வாகம் செலவைக் குறைக்க, காசு கொடுத்து வாங்கிய கேஸை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கம்பெனியின் கழிவு வாயுக் குழாயிலிருந்து இணைப்பு எடுத்தது. அந்த வட்டாரத்தில் பலர் செய்ததுதான். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை. கட்டடத்துக்கு அடியில் அது கசிந்து தேங்கியது யாருக்கும் தெரியவில்லை. மார்ச் 18ஆம் தேதி மதியம் மூன்றேகால் மணி சுமாருக்கு ஓர் ஆசிரியர் மின்சார இயந்திரம் ஒன்றின் சுவிட்சைப் போட்டார். ஒரு பொறி போதுமானதாக இருந்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் இறந்தார்கள். சில வாரங்களுக்குள் அந்த மாநிலம், கேஸில் வாசனை சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டது. பிற இடங்களும் பின்தொடர்ந்தன.

வரவு செலவுக் கணக்கில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த நிர்வாகத்தின் புத்தகத்தில் அது சேமிப்பாகத்தான் தெரிந்திருக்கும். டியூபுக்கும் ரெகுலேட்டருக்கும் மலிவு மாற்று தேடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

தனி வீட்டில் அடுப்பு பற்றாதது அந்த வீட்டுக் காரியம். நம் மாதிரி அடுக்குமாடியில் கேஸ் தேங்கினால் அது பிளாக் முழுவதன் காரியம். எல்.பி.ஜி. காற்றைவிட எடை அதிகம். மேலே போகாது, தரையோடு பரவும், கதவு இடுக்கு வழியாகப் படியிறங்கும்.

பார்க்க வேண்டிய வரிசை

கணக்கு டேலி ஆகாதபோது மேலிருந்து ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டு வருவோம் அல்லவா? அதே முறைதான்.

1. ஐந்தாறு விநாடியில் பற்றவில்லையா? நாபை மூடுங்கள். ஜன்னல், பால்கனிக் கதவைத் திறந்து சில நிமிடம் பொறுங்கள். திரும்பத் திரும்ப 'டிக் டிக்' வேண்டாம்.

2. வாசனை பலமாக வந்தால் சோதனையே வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து, 1906 என்ற எல்.பி.ஜி. அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

3. வாசனை இல்லையென்றால், தீக்குச்சியை முதலில் கொளுத்தி, பர்னர் அருகில் பிடித்து, அதன் பிறகு நாபைத் திறவுங்கள். பற்றினால் கேஸும் காற்றும் சரி, பொறிதான் கோளாறு. லைட்டர், பேட்டரி, முனை ஆகியவற்றைப் பாருங்கள்.

4. குச்சிக்கும் பற்றவில்லை, மற்ற பர்னர்களும் பற்றவில்லை என்றால் சிலிண்டர் காலி, ரெகுலேட்டர் மூடியிருக்கிறது அல்லது டியூப் மடிந்திருக்கிறது.

5. ஒரு பர்னர் மட்டும் பற்றவில்லை என்றால் அதைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, நேராக மாட்டுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஜெட். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். ஊசியால் குத்தி ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டால் தீயின் அளவே மாறிவிடும்.

6. கசிவைத் தேட சோப்புத் தண்ணீர் மட்டும். தீக்குச்சி ஒருபோதும் கூடாது.

பைப் கேஸுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வேறு வாயு, வேறு ஜெட். கம்பெனி ஆள் ஜெட்டை மாற்றாமல் எரிக்கக் கூடாது. அது காற்றைவிட லேசானது, மேலே போகும்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் நம் வளாகத்தில் பல. வயதாக ஆக மோப்ப சக்தி குறையும். 1937க்குப் பிறகு சேர்த்த அந்த வாசனை அவர்கள் மூக்குக்கு எட்டாமல் போகலாம். மாடிப்படியில் போகும்போது உங்கள் மூக்கில் பட்டால், "யார் வீடோ" என்று போகாமல் கதவைத் தட்டுங்கள். காலிங் பெல் வேண்டாம், அதுவும் ஒரு சுவிட்ச். கையால் தட்டுங்கள்.

இந்தப் பக்கத்தை மூடியதும் சமையலறைக்குப் போய் டியூபில் அச்சிட்டிருக்கும் வருடத்தைப் பாருங்கள். ஐந்து வருடம் ஆகியிருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.