கார், குடர்

லிஸ்ப் நிரல்மொழி கற்பவரை முதலில் விழிக்கவைக்கும் சொற்கள் இவை. தமிழ்க் காதுக்கு மேகமும் குடலும்தான் நினைவுக்கு வரும், இரண்டுமில்லை. 1950களின் இறுதியில் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி குழுவினர் லிஸ்பை ஐபிஎம் 704 கணினியில் உருவாக்கினர். அதன் 36 பிட் நினைவகச் சொல்லுக்குள் ‘அட்ரஸ்’, ‘டிக்ரிமென்ட்’ என 15 பிட் பகுதிகள் இரண்டு. பட்டியலின் முதல் உறுப்பைச் சுட்டுவது முன்னதில். மீதியைச் சுட்டுவது பின்னதில். ‘பதிவகத்தின் அட்ரஸ் பகுதியில் உள்ளது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமே கார், டிக்ரிமென்டுக்குக் குடர். ‘முதல்’, ‘மீதி’ என்று தெளிவான பெயர்கள் பிறகு வந்தும் இவை அசையவில்லை. கோத்துச் சுருக்க வசதியாயிற்றே! குடரின் கார், ‘கேடர்’. ஆட்டோகேட் வரைபட மென்பொருளுக்குள் இருக்கும் லிஸ்பில் ஒரு புள்ளியின் எக்ஸ் அளவை இன்றும் கார்தான் எடுத்துத் தருகிறது. ஒய் அளவைக் கேடர்.