மோக்ளியும் நம் பிள்ளைகளும்

பிள்ளைப் பருவத்தைப் பகுத்துப் பாடியவர் தமிழர். காப்பில் தொடங்கிச் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என ஏழு பருவங்கள் இருபாலர்க்கும் பொதுவாக நிற்க, சிற்றில் சிதைத்தலும் சிறுபறை முழக்கலும் சிறுதேர் உருட்டலும் ஆண்பாலுக்கும், அம்மானையும் நீராடலும் ஊசலும் பெண்பாலுக்கும் உரியனவாயின. ஒட்டக்கூத்தர் காலந்தொட்டு இம்மரபு தழைத்து வந்துள்ளது. ஆயினும் சிறுதேர் உருட்டிய பிள்ளை அதன்பின் என்ன ஆயிற்று என்பதைப் பிள்ளைத்தமிழ் சொல்வதில்லை. முற்றத்தைக் கடந்து தெருவுக்கும், தெருவைக் கடந்து அயலூருக்கும் அடியெடுத்து வைக்கும் அந்த இடைப்பருவத்தை நம் காலத்தில் விடாது எடுத்துத் தீட்டியவர்கள் ஜப்பானியர். அவர்தம் சித்திரத் தொடர்களை 'அனிமே' என்று இன்றைய இளைஞர் வழங்குவர். பொம்மைப் படம் என்று நம் வீட்டுப் பெரியோர் பலர் ஒதுக்கிவிடும் இத்தொடர்கள் மும்பைத் தமிழரின் வரலாற்றோடு ஓரிடத்தில் வந்து கலக்கின்றன. அவ்விடத்தைச் சற்றே காண்போம்.

ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' 1963ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. பதினோராண்டு கழித்து, 1974இல், இசாவோ தகாஹாத்தா இயக்கிய 'ஹைடி' 52 வாரங்கள் ஓடியது. ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவுடன் ஆடு மேய்த்துத் திரிந்த சிறுமி பிராங்க்பர்ட் நகரத்து மாளிகைக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அங்கே உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. எனினும் ஊர் ஏக்கத்தால் உறக்கத்தில் எழுந்து நடக்கத் தொடங்குகிறாள். மூலக்கதை ஸ்விட்சர்லாந்து நாட்டு யோகன்னா ஸ்பைரி அம்மையாருடையது. அதே தகாஹாத்தா 1976இல் தந்த மற்றொரு தொடர், தாயைத் தேடி மூவாயிரம் காதம் செல்லும் மார்க்கோவின் கதை. குடும்பக் கடனைத் தீர்ப்பதற்காக இத்தாலியின் ஜெனோவா நகரிலிருந்து அர்ஜென்டினாவுக்கு வீட்டுவேலை செய்யப் போன தாயிடமிருந்து கடிதம் வருவது நின்றுவிட, சிறுவன் தனியே கப்பலேறுகிறான். மணியார்டரை எதிர்பார்த்து வாசலில் நின்ற திருநெல்வேலிக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இக்கதையை எவரும் விளக்கவேண்டுவதில்லை.

பிறநாட்டுக் கதைகளை ஜப்பானியர் இத்துணை ஆர்வத்தோடு எடுத்தாண்டது ஏன்? நாம் கருதும் காரணம் ஒன்றுண்டு. 1954 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள், நடுநிலைப் பள்ளி முடித்த பதினைந்து வயதுச் சிறுவர் சிறுமியர் வடகிழக்கு மாவட்டங்களிலிருந்து கூட்டங்கூட்டமாகச் சிறப்பு ரயில்களில் ஏற்றப்பட்டுத் தோக்கியோவின் உயேனோ நிலையத்தில் இறக்கப்பட்டனர். ஆலைகளும் கடைகளும் அவர்களுக்காகக் காத்திருந்தன. 'தங்க முட்டைகள்' என்று அவர்களை அழைத்தார்களாம். முட்டைக்கு அப்பெயரில் பெருமை ஏதும் இருந்ததா என்பது வேறு. வீட்டை விட்டு அகல்வதும் வளர்வதும் ஒன்றேயாக ஒரு தலைமுறை வாழ்ந்தது. அத்தலைமுறையினர் பெற்றோராகித் தம் மக்களோடு அமர்ந்து பார்த்த கதைகள் இவை. நம் இலக்கணப்படி பிரிவு பாலைக்கு உரிப்பொருள். அங்ஙனமாயின் இத்தொடர்கள் பலவும் பாலைத் திணையைச் சார்ந்தவை எனலாம்.

தாராவியில் தோல் பதனிட வந்தவர்களும், தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று மாதுங்காவில் ஒண்டுக் குடித்தனம் புகுந்தவர்களும், செம்பூரை அடுத்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உர ஆலையிலும் பணி ஏற்றவர்களும் இறங்கியது தாதரிலும் விக்டோரியா முனையத்திலும். உயேனோவுக்கும் இவற்றுக்கும் உள்ள தொலைவு பெரிதன்று.

இனி மோக்ளிக்கு வருவோம். இவன் கதையை எழுதிய ரட்யார்ட் கிப்ளிங் பிறந்த ஊர் நம் மும்பையே. 1865 டிசம்பர் 30ஆம் நாள், இவர் தந்தை ஆசிரியராயிருந்த ஜே.ஜே. கலைக் கல்லூரி வளாகத்தில் பிறந்தார். கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் செல்லும் நம்மவர் நாள்தோறும் அவ்வழியே கடந்து போகின்றனர். கிப்ளிங்கின் அரசியல் நமக்கு உடன்பாடானதன்று. பேரரசின் புகழ் பாடியவர் அவர். ஆயினும் அவருடைய பிள்ளைப் பருவம் மும்பைத் தமிழர் கருதிப் பார்க்கத்தக்கது.

வளர்த்த ஆயாவும் பணியாளரும் பேசிய நாட்டுமொழியே குழந்தை கிப்ளிங்கின் சிந்தையிலும் கனவிலும் ஓடிய மொழி. பெற்றோர் இருக்கும் கூடத்துக்குள் செல்லும்போதெல்லாம், ஆங்கிலத்தில் பேசு என்று நினைவூட்டி அனுப்புவார்களாம். ஆறு வயது நிறைவதற்குள், 1871இல், தங்கையோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு அயலார் வீடொன்றில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் துன்புற்றார். பதினாறு வயதில், 1882இல், மீண்டும் மும்பைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது நாட்டுமொழி வாக்கியங்கள் தாமாகவே அவர் வாயில் வந்தன. அவற்றின் பொருள் மட்டும் அவருக்கே விளங்கவில்லை. 1937இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். ஒலி நின்றது, பொருள் அகன்றது. விடுமுறைக்கு ஊர் சென்ற நம் பிள்ளைகள், பாட்டி சொல்லும் சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டு "அப்படின்னா என்ன?" என்று கேட்பதை நாம் அறிவோம்.

இத்தகையவர் அமெரிக்காவின் வெர்மான்ட் பனியில் அமர்ந்து, மத்திய இந்தியாவின் சிவனிக் காட்டை மனத்தில் கண்டு, 1894இலும் 1895இலும் காட்டுக் கதைகளின் இரு தொகுதிகளை வெளியிட்டார். அவற்றை நிப்பான் அனிமேஷன் நிறுவனத்தார் எடுத்து, ஃபூமியோ குரோகாவாவின் இயக்கத்தில் 52 பகுதிகளாக 1989 முதல் 1990 வரை ஒளிபரப்பினர். மும்பையில் பிறந்தவர் அமெரிக்காவில் எழுதி ஜப்பானில் சித்திரமான கதை, 1993இல் தூர்தர்ஷன் வழியே இந்தி பேசிக்கொண்டு மும்பைக்குத் திரும்பியது. குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த முகப்புப் பாடலை நம் வயதொத்தோர் இன்றும் முணுமுணுப்பர். ஷேர்கானுக்கு நானா படேகர் குரல் தந்தார்.

அந்த ஆண்டு மும்பைக்கு எத்தகைய ஆண்டு என்பதை மறத்தல் இயலாது. ஜனவரியில் கலவரம், மார்ச் 12இல் குண்டுவெடிப்புகள். தாராவியில் கதவடைத்துக் கிடந்த வீடுகள் எத்தனையோ. நாம் அப்போது பள்ளிச் சிறுவர். ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள், இருக்கும் வீட்டு வாசலில் செருப்புகளைக் குவித்துவிட்டு உள்ளே நெருங்கி அமர்ந்தோம். ஓநாய்க் குடியில் வளரும் மனிதக் குட்டி. ஓநாய்களுக்கு அவன் அயலான். கிராமத்தார்க்கோ அவன் காட்டான். ஊரில் 'பம்பாய்க்காரன்' என்றும் பம்பாயில் 'மதராசி' என்றும் அழைக்கப்பட்ட நமக்கு அவன் புதியவனாகத் தோன்றவில்லை.

கிப்ளிங்கின் மூலத்தில் மோக்ளி ஏறத்தாழப் பதினேழு வயதில், இளவேனிற் காலத்தில், காரணம் அறியாத கலக்கத்தோடு காட்டை நீங்குகிறான். ஜப்பானியத் தொடரின் முடிவிலும் அவன் ஊரையே அடைகிறான். எனினும் காட்டு உறவை அறுத்துக்கொள்வதில்லை. இம்முடிவு மூலத்தினும் எளிதாகவும் இனிதாகவும் அமைந்துவிட்டது என்பது நம் எண்ணம். பிள்ளைகளுக்கென்று எடுத்தவர்கள் வேறென்ன செய்வர்!

இக்கதையில் நாம் பெரிதாக மதிப்பது வேட்டையை அன்று. பாலு என்னும் கரடி நடத்தும் பாடத்தை. பறவைக்கு அதன் மொழியில், பாம்புக்கு அதன் மொழியில், வேட்டை விலங்குக்கு அதன் மொழியில், நாம் உறவினர் என்று சொல்லும் சொல்லை மோக்ளி மனப்பாடம் செய்யவேண்டும். தவறினால் அடியும் விழும். பின்னர்க் குரங்குகள் அவனைத் தூக்கிச் செல்லும்போது பருந்தை அழைத்துச் செய்தி அனுப்ப அச்சொல்லே உதவுகிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி, விண்ணப்பப் படிவத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்த தாராவிப் பிள்ளைக்கும் அப்படியே. ஒவ்வொரு சொல்லும் ஒரு வாசலைத் திறந்தது. ஒரு மொழியைக் கற்க மற்றொன்றை மோக்ளி விடவில்லை. அவனைப் படைத்தவரோ விட நேர்ந்தது.

பிற்கால ஜப்பானியத் திரைப்படங்கள் இவ்விழப்பை வெளிப்படையாகவே காட்டின. ஹயாவோ மியாசாகியின் 'கிகி' படத்தில் (1989) பதின்மூன்று வயதுச் சிறுமி பிழைப்புத் தேடிக் கடற்கரை நகருக்கு வருகிறாள். உடன்வந்த பூனையின் பேச்சு ஒருநாள் அவளுக்கு விளங்காமற் போகிறது. இழந்த மற்ற ஆற்றல் திரும்பிய பின்னும் ஜப்பானிய மூலத்தில் அப்பேச்சு திரும்புவதில்லை. 2001இல் அவரே எடுத்த 'ஸ்பிரிட்டட் அவே' படத்தில் வேலைக்குச் சேரும் பத்து வயதுச் சிஹிரோவின் பெயரில் பெரும்பகுதியை முதலாளியம்மா பறித்துக்கொண்டு 'சென்' என்று சுருக்கிவிடுகிறாள். பெயரை மறந்தவர் வீடு திரும்ப இயலாது என்பது அவ்வுலகத்து விதி. கோப்புகளில் பெயர் எழுதியே காலம் கழிக்கும் நமக்கு அக்காட்சி சிரிப்பையும் தந்தது, வேறொன்றையும் தந்தது. தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிப் பின்னே ஒட்டி, மகனையே தந்தை பெயரால் விளிக்கும் வழக்கம் இந்நகரத்துப் பதிவேடுகளில் எத்தனை தமிழர்க்கு நேர்ந்திருக்கிறது!

எல்லாத் தொடரும் இவ்வாறல்ல. டோரேமோன் தொடரின் நோபிதா எத்தனை ஆண்டு ஓடியும் வகுப்பு ஏறாதவன். அவன் வளர்ந்தால் தொடர் முடிந்துவிடும். நருட்டோ அங்ஙனமன்று. ஊரார் ஒதுக்கிய அநாதைச் சிறுவனாக 2002இல் தொடங்கி, பல நூறு பகுதிகள் கடந்து இளைஞனாகிறான். அவனோடு சேர்ந்து பார்ப்போரும் வளர்ந்தனர்.

நம் தலைமுறையில் மோக்ளி இந்தியில்தான் வளர்ந்தான். தமிழ் கேட்க வேண்டுமாயின், ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் பட வரிசையில் தமிழின் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று நிலைமை வேறு. நருட்டோ 2022இல் இந்தியத் தொலைக்காட்சியில் தமிழிலும் பேசத் தொடங்கினான். யூகோ சாகோவும் நம் மும்பைச் சித்திரக் கலைஞர் ராம் மோகனும் மற்றொரு ஜப்பானியரும் சேர்ந்து இயக்கி 1992இல் முடித்த இராமாயணப் படம் 2025 ஜனவரியில் தமிழிலும் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படமும் தமிழ் பேசிற்று. செம்பூரிலும் மாதுங்காவிலும் உள்ள நம் வீடுகளில் மொழியை மாற்றும் பொத்தான் இப்போது பிள்ளைகள் கையில் இருக்கிறது. பெரும்பாலோர் இந்தியையோ ஆங்கிலத்தையோ அழுத்துகின்றனர். சிலர் ஜப்பானிய மொழியிலேயே கேட்டு, கீழே ஓடும் எழுத்தைப் படிக்கின்றனர். பாட்டி பக்கத்தில் வந்து அமர்ந்தால் மட்டும், கேளாமலே தமிழுக்கு மாற்றும் பிள்ளைகளும் உண்டு.