நுரையீரலின் வழியே ஓர் இரத்தப் பாதை
இமாம் இப்னு நஃபீஸ் (ரஹ்) முதல் இன்றைய சிகிச்சை வரை

 

ஜமாஅத்தின் ஆண்டு மலரில் ஒவ்வொரு முறையும் இஸ்லாமிய வரலாற்றிலிருந்து ஒரு பக்கத்தை உங்கள் முன் வைப்பது வழக்கம். இவ்வாண்டு ஒரு நோயின் வரலாற்றை எழுத முனைந்துள்ளோம். அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரியை அவருடைய தாயார் நம்மிடம் அழைத்து வந்தார். முப்பது வயதைக் கடந்த அப்பெண்ணுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒருமுறை சமையல்கட்டிலேயே மயங்கி விழுந்தார். இரத்தசோகை என்றனர் சிலர். ஆஸ்துமா என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் உறவினர். வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்ற பேச்சும் எழுந்தது. நாம் தண்ணீர் ஓதிக் கொடுத்தோம்; பொறுமையைக் கைக்கொள்ளுமாறு கூறி அனுப்பினோம். ஓதியதில் தவறில்லை. ஆனால் "இதய மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று நாம் கேட்கவில்லை. ஓராண்டு கழித்தே அது 'பல்மனரி ஹைப்பர்டென்ஷன்' எனும் நுரையீரல் இரத்தக்குழாய் உயர் அழுத்த நோய் எனத் தெரிய வந்தது. நாம் கேட்கத் தவறிய அந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இதயத்தின் இரு பாதைகள்

நமது இதயம் ஒன்றாகத் தோன்றினும் இரண்டு பம்புகளின் வேலையைச் செய்கிறது. இடப்பக்கம் உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. வலப்பக்கம் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது. ஆகவே வலப்பக்கத் தசை மெல்லியது. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் இயல்பாக 14 மி.மீ. பாதரச அளவை ஒட்டியே இருக்கும். அது 20-ஐத் தாண்டினால் நோய் எனக் கொள்ளப்படுகிறது. 2018 வரை அந்த எல்லை 25 ஆக இருந்தது. கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் வேறு, இது வேறு. கையில் அளவு சரியாக இருக்கும்போதே உள்ளே இவ்வழுத்தம் ஏறியிருக்கக் கூடும். நுரையீரலின் நுண்குழாய்கள் தடித்துச் சுருங்கச் சுருங்க, வலப்பக்க இதயம் பாரம் தாங்காது விரிந்து களைத்துப் போகிறது.

ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்பித்த மருத்துவர்

இந்தப் பாதையை முதன்முதலில் சரியாக எழுதி வைத்தவர் ஒரு முஸ்லிம் அறிஞர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அலாவுத்தீன் இப்னு நஃபீஸ் (ரஹ்) டமாஸ்கஸ் பகுதியில் ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். நூருத்தீன் ஸங்கீ நிறுவிய நூரீ மருத்துவமனையில் பயின்றவர். பின்னர் கெய்ரோவில் தலைசிறந்த மருத்துவராக விளங்கினார். அதே நகரின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹும் கற்பித்தார். தீன் கல்வியும் மருத்துவக் கல்வியும் ஒரே மனிதரிடம் பகையின்றிக் குடியிருந்தன.

அவர் காலத்தில் கிரேக்க மருத்துவர் காலனின் கருத்தே ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிலைத்திருந்தது. இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளன. அவற்றின் வழியே இரத்தம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் கசிகிறது என்பதே அக்கருத்து. அறிஞர் இப்னு ஸீனாவும் அதையே ஏற்றிருந்தார். இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு ஹிஜ்ரி 640 (கி.பி. 1242) அளவில் விரிவுரை எழுதிய இப்னு நஃபீஸ் (ரஹ்) அதை மறுத்தார். அச்சுவர் தடித்தது, துளையற்றது. இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, பின்னரே இடப்பக்கத்தை அடைய வேண்டும் என்று நிறுவினார். நுரையீரலின் இருவகைக் குழாய்களுக்கும் இடையே நுண்ணிய தொடர்பு இருக்க வேண்டும் எனவும் கூறினார். அந்த நுண்குழாய்களை இத்தாலியின் மல்பீகி நுண்ணோக்கியில் கண்டது 1661இல்தான். இன்று நாம் பேசும் நோய் பிடிப்பதும் நுரையீரலின் அந்த நுண்ணிய பாதைகளைத்தான்.

ஹிஜ்ரி 687 (கி.பி. 1288)இல் வஃபாத்தாகும் முன் தமது வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்ஸூரீ மருத்துவமனைக்கே அவர் வழங்கினார். சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய வக்ஃபு மருத்துவமனை அது. அவருடைய கண்டுபிடிப்போ மறக்கப்பட்டது. 1924இல் முஹ்யித்தீன் தத்தாவீ எனும் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்தில் அவ்விரிவுரையின் கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்து வெளிப்படுத்திய பின்னரே உலகம் அதை அறிந்தது.

பெயர் பெற்ற நோய்

1891இல் ஜெர்மன் மருத்துவர் ரோம்பெர்க், காரணம் புலப்படாமல் நுரையீரல் தமனி தடித்திருந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். ஆயினும் உயிருடன் இருப்பவரின் நுரையீரல் தமனி அழுத்தத்தை அளக்க அன்று வழியில்லை. 1929இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் எனும் இளம் ஜெர்மன் மருத்துவர் தமது கை நரம்பின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தினார். பின் எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, அது இதயத்தை எட்டியதைப் படமெடுத்துக் காட்டினார். அந்த முறையை அமெரிக்காவில் கூர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் வளர்த்தனர். மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் இந்நோயை உறுதிப்படுத்துவது வலப்பக்க இதயத்துள் குழாய் செலுத்தி அளக்கும் இச்சோதனையே. 1951இல் டிரெஸ்டேல் எனும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்நோயை விரிவாக எழுதிப் பெயரிட்டனர்.

1965இல் ஐரோப்பாவில் உடல் மெலிய 'அமினோரெக்ஸ்' என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் இந்நோய் திடீரெனப் பெருகியது. 1968இல் அம்மாத்திரை திரும்பப் பெறப்பட்டது. அதன் விளைவாக 1973இல் உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் இந்நோய்க்கென முதல் மாநாட்டைக் கூட்டியது. மெலிய வேண்டும் என்று யாரோ சொன்ன மாத்திரையை வாங்கி விழுங்குவோர் இச்செய்தியைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

நான்கு பெண்களும் ஒரு மேசையும்

1981இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இந்நோயாளிகளுக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. 32 மருத்துவ மையங்களிலிருந்து 187 பேரின் விவரங்கள் 1987இல் வெளியாயின. மூச்சு வாங்கத் தொடங்கியது முதல் நோய் இன்னதென்று அறியும் வரை சராசரியாக இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. நோயாளிகளில் பெண்களே அதிகம். நோய் அறியப்பட்டபின் பாதிப்பேர் மூன்று ஆண்டுகள்கூட வாழவில்லை என்று 1991இல் வெளியான அறிக்கை கூறியது. மருந்து என்று சொல்லத்தக்கது ஏதுமில்லாத காலம் அது.

அக்காலத்தில்தான், 1990களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நான்கு பெண்கள் ஒரு வீட்டின் சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்தனர். தம்மைப்போல் இன்னொருவரைக் கண்டால் போதும் என்ற ஏக்கத்தில் தொடங்கிய கூட்டம் அது. அதுவே பின்னர் 'பல்மனரி ஹைப்பர்டென்ஷன் அசோசியேஷன்' எனும் பெரும் அமைப்பாயிற்று. நோயாளிகள் ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறினர். மருத்துவர்களைத் தம் மாநாட்டுக்கு அழைத்தனர். ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினர். இன்று பல நாடுகளில் இத்தகைய அமைப்புகள் உள்ளன. 2012 முதல் மே 5 இந்நோயின் உலக நாளாக அனுசரிக்கப்படுகிறது. 1981இல் ஸ்பெயினில் கலப்பட எண்ணெயால் நேர்ந்த பேரழிவின் நினைவோடு இணைந்த நாள் அது. அவ்வெண்ணெயை உண்டவர்களில் பலருக்கு இந்நோயும் கண்டது.

மருந்துகள் வந்த வரிசை

1976இல் ஜான் வேனின் ஆய்வுக்கூடத்தில், இரத்தக்குழாயை விரியச்செய்யும் புரோஸ்டாசைக்ளின் என்ற பொருள் கண்டறியப்பட்டது. அதிலிருந்து உருவான எபோபுரோஸ்டெனால் என்ற மருந்து 81 நோயாளிகளிடம் 12 வாரங்கள் சோதிக்கப்பட்டு, 1996இல் முடிவுகள் வெளியாயின. மருந்து பெறாத பிரிவில் எட்டுப் பேர் இறந்தனர். மருந்து பெற்றோரில் ஒருவரும் இறக்கவில்லை. ஆயினும் அம்மருந்து உடலில் சில நிமிடங்களே நிற்கும். ஆதலால் நெஞ்சில் பொருத்திய குழாயின் வழியே இரவும் பகலும் சிறு பம்பு கொண்டு செலுத்த வேண்டியிருந்தது.

2001இல் வாய்வழி மாத்திரையான போசென்டான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005இல் சில்டெனாஃபில் இந்நோய்க்கு அனுமதிக்கப்பட்டது. இம்மருந்தின் பெயரைக் கேட்டு வேறுவிதமாக எண்ணி நகைப்போரை நாம் கண்டதுண்டு. நோயாளிக்கு அது மூச்சு; நகைப்புக்குரியதன்று. நமது நாட்டிலேயே இது தயாராகிறது. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையுடன் சேர்ந்தால் ஆபத்து. மருத்துவர் சொல்லின்றி உண்ணலாகாது.

2000ஆம் ஆண்டில், குடும்ப வழியாக வரும் இந்நோய்க்குக் காரணமான ஒரு மரபணுவை இரண்டு ஆய்வுக்குழுக்கள் கண்டறிந்தன. நோயுற்ற குடும்பங்கள் மனமுவந்து அளித்த இரத்த மாதிரிகளே அதற்கு அடிப்படை. அவ்வறிவின் தொடர்ச்சியாக வந்த சொட்டடெர்செப்ட் என்ற மருந்து 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இருபத்து நான்கு ஆண்டு உழைப்பு அது. முற்றும் குணமாக்கும் மருந்து என்று எதையும் கூறுவதற்கில்லை. ஆனால் ஆயுளும் நடமாட்டமும் கூடியுள்ளன.

நமது பொறுப்பு

இந்நோய்க்குக் காரணங்கள் பல. பிறவியிலேயே இதயத்தில் உள்ள ஓட்டையை உரிய காலத்தில் அடைக்காமை, சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் பழுதான இதய வால்வு, நுரையீரல் நோய்கள், நுரையீரலில் கரையாத இரத்தக்கட்டி ஆகியன அவற்றுட் சில. இவற்றுட் சிலவற்றை அறுவை சிகிச்சையால் சீராக்கலாம். ஆதலால் காரணத்தை அறிவதே முதற்கடமை. மேட்டில் ஏறினால் மூச்சுத்திணறல், மயக்கம், கால் வீக்கம், உதடு நீலமாதல் தோன்றினால் எக்கோ சோதனை செய்து இதய மருத்துவரைக் காண வேண்டும்.

இந்நோயுள்ள பெண்ணுக்குக் கர்ப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தை இல்லையே என்று அவரைக் குத்திப் பேசும் மாமியார்களும் நாத்தனார்களும் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ள வேண்டும். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழவும், நோயாளி நோன்பைப் பிற்படுத்தவும் மார்க்கம் சலுகை அளித்துள்ளது. நோன்புக்காக மருந்தைத் தாமே நிறுத்துவது மார்க்கம் கேட்ட தியாகமன்று. முதலில் மருத்துவரிடமும், பின்னர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் மேலே குறிப்பிட்ட சகோதரி இன்று மருந்துடன் வாழ்கிறார். வீட்டின் கீழ்த்தளத்திலேயே அவருக்கு அறை ஒதுக்கியுள்ளனர். அவர் நம்மிடம் பணம் கேட்கவில்லை. "நான் நடிக்கவில்லை என்பதை மட்டும் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், ஹழ்ரத்" என்றார். அதை இம்மலரின் வாயிலாகச் சொல்லிவிட்டோம். அவருடைய இசைவுடனேயே எழுதினோம்.

இப்னு நஃபீஸ் (ரஹ்) தம் வீட்டையே மருத்துவமனைக்குக் கொடுத்தார். நம்மால் அவ்வளவு இயலாவிடினும், மாதந்தோறும் மருந்து வாங்கச் சிரமப்படும் ஒரு நோயாளிக்கு ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கலாம். நகரத்து மருத்துவமனைக்குச் செல்வோருடன் ஒருவரைத் துணையாக அனுப்பலாம். நிர்வாகிகள் இதனை ஆலோசிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களைப் பராமரிப்போருக்கு நற்கூலியை அளிப்பானாக! நமது அறியாமையால் நேர்ந்த குறைகளை மன்னிப்பானாக! ஆமீன்.