பீரங்கியும் வாய்ப்பூட்டும்

எங்கள் கல்லூரி ஆசிரியர் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். மாணவிகள் எழுதிக்கொடுத்த புகார் மனு ஏன் மூன்று மாதமாகப் பிரிக்கப்படாமலே கிடக்கிறது என்பதுதான் கேள்வி. பதில் வருவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "பீரங்கி கெளம்பிருச்சுப்பா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கூட்டம் அடுத்த பொருளுக்குப் போய்விட்டது. வீடு வந்து சேரும்வரை என்னை உறுத்தியது அவர் சொன்ன சொல்லைவிட என் சிரிப்புதான்.

தமிழில் பீரங்கி ஒன்றும் வசைச்சொல் இல்லை. மேடையில் தொண்டை கிழியப் பேசும் ஆணைப் 'பிரச்சாரப் பீரங்கி' என்று சுவரொட்டி அடித்துக் கொண்டாடுகிறோம். அதே சத்தம் பெண்ணிடமிருந்து வந்தால் வாயாடி, வாய்க்கொழுப்பு பிடித்தவள். பொம்பளை சிரித்தாலே போச்சு என்று பழமொழி வைத்திருக்கும் ஊரில், பெண்ணைப் பீரங்கி என்பது பாராட்டாக இருக்க வழியில்லை. அந்த வாரம், பீரங்கிக்கும் பெண்ணின் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு என்னைப் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு இட்டுச்சென்றது.

1642 முதல் 1651 வரை அங்கே அரசர் தரப்பும் நாடாளுமன்றத் தரப்பும் மோதிக்கொண்டன. இடையில், 1649 ஜனவரி 30 அன்று, முதலாம் சார்லஸ் அரசரின் தலை வெட்டப்பட்டது. ஒரே குடும்பத்தின் ஆட்கள் எதிரெதிர் அணியில் நின்ற உள்நாட்டுப் போர் அது. நடந்த சண்டைகளில் பெரும்பகுதி முற்றுகைகள். கோட்டையையும் மதில்சூழ்ந்த ஊரையும் உடைக்கப் பெரிய பீரங்கி வேண்டும். அப்படிப்பட்டவை இரு தரப்பிடமும் குறைவு. சேற்றுப் பாதையில் ஒன்றை நகர்த்தவே பல ஜோடி மாடுகளோ குதிரைகளோ தேவைப்பட்டன. ஆகவே ஒவ்வொரு பெரும் பீரங்கியும் ஆள்போல அறியப்பட்டது. ஆளுக்கு வைப்பதுபோல அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

அந்தப் பெயர்களில் திரும்பத் திரும்ப வருபவள் 'ரோரிங் மெக்'. உறுமும் மெக் என்று சொல்லலாம். 1643 மார்ச் 19 அன்று ஹாப்டன் ஹீத் சண்டையில் அரசர் படையிடம் ஒரு ரோரிங் மெக் இருந்தாள். லண்டன் மீன் வணிகர் சங்கம் 1642இல் அயர்லாந்தின் டெர்ரி நகர மதிலுக்கு அனுப்பிய பீரங்கிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்றாமவள் 1646இல் வார்க்கப்பட்டாள். ஹெர்ஃபர்ட்ஷையரின் குட்ரிச் கோட்டையில் அரசர் ஆட்கள் ஒளிந்திருந்தார்கள். அவர்களை வெளியேற்ற நாடாளுமன்றப் படையின் கர்னல் ஜான் பர்ச் செய்வித்த மார்ட்டர் அவள். மார்ட்டர் என்பது குட்டையான, அகன்ற வாயுள்ள பீரங்கி. சுவரை நேராக இடிப்பதைவிட, குண்டை மேல்நோக்கி எறிந்து சுவருக்கு உள்ளே விழவைப்பதுதான் அதன் வேலை. வெடிமருந்து நிரப்பிய சுமார் 90 கிலோ எடைக் குண்டை இந்த மெக் எறிந்தாள். ஜூலை 31 அன்று கோட்டை பணிந்தது.

இரண்டு எதிரணிகளும் ஏன் ஒரே பெண் பெயரைத் தேடிப்போயின? மெக் என்பது மார்கரெட்டின் செல்லச் சுருக்கம். ஸ்காட்லாந்தில் அதற்கு 200 ஆண்டு முன்பே ஒரு மெக் இருந்தாள். 1449இல் பர்கண்டி கோமகனுக்காகச் செய்யப்பட்டு, 1457இல் ஸ்காட்லாந்து அரசருக்குப் பரிசாக வந்த மான்ஸ் மெக். எடை சுமார் ஆறு டன். 1650 டிசம்பரில் எடின்பரோ கோட்டை கிராம்வெல்லிடம் வீழ்ந்தபோது எடுக்கப்பட்ட ஆயுதப் பட்டியலில் பெரிய இரும்புக் கொலையாளி என்ற அடைமொழியோடு இவளும் இருந்தாள். லண்டனிலோ 'லாங் மெக்' என்றொரு நெட்டை மெக், 16ஆம் நூற்றாண்டிலிருந்தே துணுக்குக் கதைகளில் உலவிக்கொண்டிருந்தாள். ஆண் உடை போட்டுக்கொள்வாள், தடியெடுத்து ஆண்களை அடிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு கணவன் சோதித்துப் பார்க்கும்போது மட்டும் மண்டியிட்டுப் பணிந்துவிடுவாள். ஊரையே அடிக்கட்டும், வீட்டில் அடங்கட்டும். பீரங்கிக்கும் அதைத்தானே எதிர்பார்க்கிறார்கள்!

இன்னொரு பீரங்கியின் பெயர் 'ஸ்வீட் லிப்ஸ்', தேனிதழாள். 1644 தொடக்கத்தில் நியூவார்க் நகரை முற்றுகையிட நாடாளுமன்றப் படை ஹல் துறைமுகத்திலிருந்து கொண்டுபோனது. நீளம் ஏறத்தாழ 12 அடி, குண்டு 32 பவுண்டு. ஹல் நகரில் பேர்பெற்ற ஒரு பாலியல் தொழிலாளியின் பெயரை வைத்ததாகச் சொல்லப்படுகிறது. மார்ச் 21 அன்று இளவரசர் ரூபர்ட் முற்றுகையை உடைத்தபோது இவள் அரசர் தரப்பின் கைக்குப் போனாள். உடைமை மாறியது, பெயர் மாறவில்லை. அந்தப் பெயருக்குரிய பெண் யார், போரில் என்ன ஆனாள் என்று கேட்டவர் இல்லை.

சங்க இலக்கியம் நடத்துகிறவளுக்கு இந்த இடத்தில் கொல்லிப்பாவை நினைவுக்கு வராமல் இருக்காது. கொல்லிமலையில் தெய்வம் செய்துவைத்த பெண்ணுருவம். தலைவியின் அழகுக்கு உவமையாகப் பாடப்பட்டது. சிரித்து மயக்கி ஆளைக் கொல்லும் பொறி என்று பின்னால் விளக்கப்பட்டது. பெண்ணின் வாய் மீதான அச்சம் இரண்டு மொழிகளில் இரண்டு காலங்களில் ஒரே மாதிரி உருவெடுத்திருக்கிறது. சிரிக்கும் வாயும் கொல்லும், கத்தும் வாயும் கொல்லும். அதனால் கொல்லும் கருவி ஒன்றைச் செய்தவுடன் ஆண்களுக்குப் பெண்ணின் வாய் ஞாபகம் வந்துவிடுகிறது.

எல்லாப் பீரங்கிகளும் பெண் பெயர் தாங்கவில்லை. 1643 ஜூன் 30 அன்று ஆட்வால்ட்டன் மூர் சண்டையில் அரசர் தரப்பு கொண்டுவந்த இரண்டு பெரும் பீரங்கிகளின் பெயர் கோகு, மாகோகு. விவிலியத்தில் வரும் பெயர்கள். இங்கிலாந்தின் கதைகளிலோ அவர்கள் பூதாகார ஆண்கள். ஆண் பெயர் என்றால் வேதத்திலிருந்தும் புராணத்திலிருந்தும் வருகிறது. பெண் பெயர் என்றால் தெருவிலிருந்து வருகிறது: சண்டைக்காரி, விலைமாது. வீரர்கள் தங்கள் தாயின் பெயரையோ மனைவியின் பெயரையோ உறுமவிடவில்லை.

பெண்களிடமிருந்து போர் எடுத்துக்கொண்டது பெயரை மட்டுமல்ல. 1642இல் அரசி ஹென்றியெட்டா மரியா ஹாலந்துக்குப் போய் அரச நகைகளை அடகுவைத்து ஆயுதம் வாங்கினார். அதே ஆண்டு நாடாளுமன்றம் நிதி கேட்டபோது லண்டனின் எளிய பெண்கள் கொண்டைஊசியையும், தைக்கும்போது விரலில் மாட்டிக்கொள்ளும் வெள்ளிக் குப்பியையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் படையையே ஊசிப் படை, குப்பிப் படை என்று எதிரிகள் கேலி செய்தார்கள். கிரீடத்து வைரமும் தையற்காரியின் குப்பியும் வெடிமருந்தாகிப்போயின.

அந்த வெடிமருந்து யார் தலையில் விழுந்தது? முற்றுகை என்றால் உள்ளே இருப்பது படைவீரர்கள் மட்டும் இல்லை. சமையற்காரி, தாதி, குழந்தை, கர்ப்பிணி எல்லோரும்தான். குட்ரிச் இருக்கும் அதே ஹெர்ஃபர்ட்ஷையரில், பிராம்டன் பிரையன் கோட்டைக்குள் பிரில்லியானா ஹார்லி இருந்தார். கணவர் நாடாளுமன்ற உறுப்பினர், லண்டனில். 1643 ஜூலை 26 முதல் ஏறத்தாழ ஏழு வாரம் அரசர் படை சூழ்ந்து நின்றது. சரணடையச் சொன்னவர்களுக்கு, கணவர் உத்தரவில்லாமல் அவர் சொத்தை எப்படி ஒப்படைப்பேன் என்று பதில் எழுதினார். மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற விதியையே எடுத்து மதிலாகக் கட்டிக்கொண்ட புத்தி அது. கோட்டையைக் காத்தார். ஆனால் அக்டோபர் கடைசியில் நோயுற்று இறந்தார். மகன் நெட்டுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அச்சில் வர 1854 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பில் லாத்தம் மாளிகையைக் காத்தவர் டெர்பி கோமாட்டி ஷார்லோட். 1644 பிப்ரவரி முதல் மே வரை முற்றுகை. அவர்களை மிகவும் அச்சுறுத்தியது ஒரு மார்ட்டர்தான். அதன் குண்டுகள் கூரையைப் பிளந்து வீட்டுக்குள் விழுந்தன. ஏப்ரல் 26 அன்று கோமாட்டியின் ஆட்கள் வெளியே பாய்ந்து அந்த மார்ட்டரையே உள்ளே இழுத்து வந்துவிட்டார்கள். பெண்கள் பீரங்கியைப் பிடித்தால் விடுதலை வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஷார்லோட் காத்தது ஒரு பிரபுக் குடும்பத்தின் உடைமையை. ஆனால் பீரங்கியின் வாய்க்கு எதிரே நின்ற பெண்ணுக்கு மூளையும் உத்தியும் இருந்தன. பீரங்கிக்குக் கொடுக்கப்பட்ட பெண்ணுக்குச் சத்தம் மட்டுமே இருந்தது.

பிரபு வீட்டுப் பெண்ணாக இல்லாமல் வாய்திறந்தவர்களுக்கு என்ன நடந்தது? 1643 ஆகஸ்ட் 9 அன்று ஆயிரக்கணக்கான பெண்கள் வெள்ளை நாடா அணிந்து, சமாதானம் கேட்டு வெஸ்ட்மின்ஸ்டரில் நாடாளுமன்றத்தின் வாசலுக்குப் போனார்கள். படைவீரர்கள் சுட்டார்கள், குதிரைகளை ஏவினார்கள். பெண்கள் செத்தார்கள். வந்தவர்கள் விலைமாதர், சிப்பி விற்பவர்கள், பிச்சைக்காரிகள் என்று அன்றைய செய்தித்தாள் எழுதியது. கவனித்தீர்களா? பீரங்கிக்குச் செல்லப்பெயர் எடுத்த அதே தெருவிலிருந்துதான் இந்த வசையும் எடுக்கப்பட்டிருக்கிறது.

1649 ஏப்ரலில் லெவலர் இயக்கப் பெண்கள், சிறையிலிருந்த தங்கள் தலைவர்களை விடுவிக்கக் கேட்டு மனுவோடு போனார்கள். இது உங்களுக்குப் புரியாத விஷயம், வீட்டு வேலையைப் பாருங்கள் என்றார்கள். பெண்கள் மனு கொடுப்பது விசித்திரமாயிருக்கிறதே என்றாராம் ஓர் உறுப்பினர். நீங்கள் அரசர் தலையை வெட்டியதும் விசித்திரம்தானே என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டதாகப் பதிவு இருக்கிறது.

இப்போது இரும்புக்கு வருகிறேன். அதே நாட்டில், அதே காலத்தில், அதிகம் பேசும் பெண்ணுக்கென்றே ஒரு கருவி இருந்தது. பிராங்ஸ் என்றும், அடங்காப்பிடாரியின் கடிவாளம் என்றும் பெயர். தலையைச் சுற்றி இரும்புக் கூண்டு. நாக்கை அழுத்த வாய்க்குள் ஓர் இரும்புத் தகடு. நம் சொல்லில் வாய்ப்பூட்டு. நியூகாசிலில் ஆன் பிடில்ஸ்டோன் என்ற பெண்ணுக்கு இதை மாட்டி, கயிறு கட்டித் தெருவில் இழுத்துப்போனதையும், வாயில் ரத்தம் வந்ததையும் 1655இல் வெளியான ரால்ஃப் கார்டினரின் நூல் சொல்கிறது.

டாரதி வா என்ற குவேக்கர் பெண்ணோ தன் கதையைத் தானே சொன்னார். வீட்டு வேலைக்காரியாக இருந்தவர். கார்லைல் நகரச் சந்தையில் நின்று சமயம் பேசினார். மேயர் பிடித்துவரச் செய்து வாய்ப்பூட்டு போட வைத்தார். முகத்தின் குறுக்கே மூன்று இரும்புப் பட்டைகள், எடை ஒரு ஸ்டோன், அதாவது ஆறு கிலோவுக்கு மேல். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. அவரைப் பார்க்க வந்தவர்களிடம் ஆளுக்கு இரண்டு பென்ஸ் கேட்கப்பட்டது. பிறகு சவுக்கால் அடித்து ஊரைவிட்டு விரட்டினார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரும்புக் குழாய்க்குப் பெண் பெயர் வைத்து, கத்து கத்து என்று திரியில் தீ வைக்கிறார்கள். ரத்தமும் சதையுமான பெண் கத்தினால் அவள் வாயில் இரும்பை வைக்கிறார்கள். மெக் எவ்வளவு உறுமினாலும் யாருக்கும் கோபம் வரவில்லை. ஏனென்றால் எந்தப் பக்கம் திரும்பி, எப்போது உறும வேண்டும் என்பதை முடிவு செய்தது திரி பிடித்த ஆணின் கை. டாரதியின் பேச்சுக்கு அப்படி ஒரு கை தேவைப்படவில்லை. அதுதான் அவர் குற்றம்.

பின்வரிசைக் கேலியை இப்போது என்னால் படிக்க முடிகிறது. சத்தத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் சொல்லைக் கேட்க வேண்டியதில்லை. பீரங்கி என்று சிரித்த நொடியில் மாணவிகளின் மனு அறையிலிருந்து காணாமல் போனது.

மூன்றாம் மெக் இன்றும் குட்ரிச் கோட்டையில் இருக்கிறாள், சுற்றுலாப் பயணிகள் பார்த்துப்போக. அவள் சொன்னது என்று ஒரு சொல்கூட இல்லை. டாரதி வாவின் வாக்குமூலம் 1656இல் அச்சானது. இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அடுத்த ஆண்டே அவர் கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்தார். இன்று நியூயார்க் என்று அறியப்படும் ஊரில் இறங்கி மறுபடியும் தெருவில் பேசினார், மறுபடியும் கைதானார்.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் அதே கேள்வியைக் கேட்டேன். இந்தமுறை எழுதிவைத்துப் படித்தேன். கூட்டக் குறிப்பேட்டில் பதியச் சொன்னேன். பின்வரிசை சிரித்தது. நான் சிரிக்கவில்லை, பதிந்து முடிக்கும்வரை உட்காரவும் இல்லை.