பணிநிலையக் கணினி (ஆய்வுப் பயன்பாடு)

பணிநிலையக் கணினி அல்லது பணிநிலையம் என்பது அறிவியல், பொறியியல் கணிப்புகளுக்காக ஆய்வாளரின் மேசையில் நிறுவப்படும் உயர்திறன் கணினி ஆகும். தோற்றத்தில் இது சாதாரண மேசைக் கணினியைப் போன்றதே. மிகுதியான நினைவகம், நினைவகப் பிழைகளைத் தானே திருத்தும் அமைப்பு, நாட்கணக்கில் முழுச்சுமையுடன் இயங்கும் தாங்குதிறன் ஆகியவற்றால் இது வேறுபடுகின்றது. பல்கலைக்கழக ஆய்வுக்கு ஒன்றைத் தெரிவு செய்வது, செய்யவிருக்கும் கணிப்பையும் கணினி வைக்கப்படும் இடத்தையும் பொறுத்தது. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கடற்கரை போன்ற பகுதிகளில் இடமும் கணிப்புக்கு நிகரான காரணியாகும்.

வரலாறு

1973 இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐபிஎம் 370/155 பெருங்கணினி நிறுவப்பட்டது. ஆய்வாளர்கள் பலரும் ஒரே பொறியைப் பகிர்ந்துகொண்ட காலம் அது. 1982 இல் தொடங்கப்பட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் தனியொருவருக்கான பணிநிலையங்களைப் பரவலாக்கின. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் "கப்ரு" கணினிக் கொத்து, சந்தையில் கிடைக்கும் சியான் செயலிகளைக் கொண்ட 144 கணுக்களை இணைத்து உருவாக்கப்பட்டு, 2004 இல் உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றது. திருச்சிராப்பள்ளி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022 இல் திறக்கப்பட்ட "பரம் பொருள்" மீக்கணினியின் திறன் 838 டெராஃபுளொப் ஆகும். இத்தகைய பெரும் பொறிகளுக்கு அனுப்பும் முன் நிரலைச் சோதித்துப் பார்க்கும் இடமாகவும் பணிநிலையம் பயன்படுகின்றது.

நினைவகம்

தெரிவின்போது செயலியின் வேகமே முதலில் கவனிக்கப்படுகின்றது. பெரும்பாலான ஆய்வுகளில் கணிப்பைத் தடுப்பது நினைவகப் பற்றாக்குறையே. மரக்காணத்தை அடுத்த கழுவேலி ஈரநிலம் 2021 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024 இல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் நீர்ப்பரப்பு மாற்றத்தைச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களால் கணிப்பதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 10 மீட்டர் நுணுக்கத்தில் ஒரு படக்கட்டம் 10,980 × 10,980 புள்ளிகள் கொண்டது. நான்கு நிறப்பட்டைகளை 64-பிட்டு எண்களாக ஏற்றினால் ஒரு நாளின் படத்துக்கே ஏறத்தாழ 3.9 கிகாபைட்டு தேவைப்படும். 5 நாட்களுக்கு ஒருமுறை கிடைக்கும் படங்கள் ஓராண்டுக்கு 73 எனில், மொத்தம் 280 கிகாபைட்டைத் தாண்டும். ஈரநிலம் அமைந்த சிறு பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் கணித்தால் சாதாரண நினைவகமே போதும். ஆகவே நிரலை ஆராயாமல் நினைவகம் வாங்குவது வீண்செலவு.

பிழைதிருத்து நினைவகத்தைச் செலவுமிச்சம் கருதித் தவிர்ப்பது நல்லதன்று. நினைவகத்தில் ஒரு பிட்டு தானாக மாறினால் கணினி நின்றுவிடும் என்பதில்லை; எச்சரிக்கை ஏதுமின்றித் தவறான விடையையும் தரலாம். வாரக்கணக்கில் ஓடும் கணிப்பில் இதனைக் கண்டறிவது கடினம்.

கருவகங்களும் வரைவியல் செயலியும்

நிரலின் பத்தில் ஒரு பங்கை இணையாக இயக்க இயலாது எனில், அம்டாலின் விதிப்படி 16 கருவகங்கள் 6.4 மடங்கு வேகத்தைத் தரும். 64 கருவகங்கள் தருவது சுமார் 8.8 மடங்கே. வரைவியல் செயலிகளில் விளையாட்டுகளுக்கானவை 64-பிட்டு கணிப்பில் மிக மெதுவானவை. ஆர்டிஎக்ஸ் 4090 இல் அவ்வேகம் 32-பிட்டு வேகத்தின் 64 இல் ஒரு பங்கு மட்டுமே. படங்களை வகைப்படுத்தும் இயந்திரக் கற்றலுக்கு இது குறையன்று.

உப்புக் காற்று

சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைக் கடக்கும்போது நீரை ஈர்த்துக் கரைகின்றது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும் (மழைக்காலத்தில் வீட்டு உப்புச்சாடி கசிவதும் இதனாலேயே). விசிறி உள்ளிழுக்கும் உப்புத்துகள் மின்சுற்றுப் பலகையில் படிந்து ஈரமானால் மின்கசிவு உண்டாகும். குளோரைடு செப்பு இணைப்புகளை அரிக்கும். பகலில் குளிரூட்டியை இயக்கி இரவில் நிறுத்துவது பாதுகாப்பாகத் தோன்றினாலும், இரவில் அறையின் ஈரப்பதம் மீண்டும் உயர்ந்துவிடும். எனவே கடலை நோக்கிய சன்னலுக்கு அருகில் பணிநிலையத்தை வைக்காமல், ஈரம் நீக்கப்பட்ட உள்ளறையில் வைத்து, வலையமைப்பு வழியாக மேசையிலிருந்து இயக்குவது சிறந்தது. கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டி உள்ள பெட்டியைத் தெரிவு செய்தல் வேண்டும்.

மின்சாரமும் காப்புப்படியும்

நிவர் புயல் 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயலும் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புயல்கால மின்வெட்டு மணிக்கணக்கில் நீளக்கூடும் என்பதால், தடையிலா மின்வழங்கியின் வேலை கணிப்பை இடைநிலையில் சேமித்துக் கணினியை முறையாக அணைக்க உதவுவதே. அதற்கேற்ற தானியங்கு அணைப்பு வசதியை முன்கூட்டியே அமைத்துச் சோதிக்க வேண்டும்.

செயற்கைக்கோள் படங்களை மீண்டும் பதிவிறக்கலாம். ஒரு பருவமழையின்போது கழுவேலியில் அளந்த உப்புத்தன்மையையோ எண்ணிய பறவைகளையோ மறுபடி பெற இயலாது. காப்புப்படிக்கு இடம் குறைவாக இருப்பின் களத்தரவுக்கே முன்னுரிமை. அதன் ஒரு படி கடற்கரைக்கு வெளியே, வேறொரு ஊரில் இருத்தல் வேண்டும்.