அரண்மனைக்காரன் தெருவும் அர்மேனிய அரசர்களும்



சென்னைக்குச் செல்லும்போது அரண்மனைக்காரன் தெருவில் இருக்கும் அந்தோனியார் திருத்தலத்துக்குப் போய் வருபவர்கள் நம் பங்கிலும் உண்டு. அந்தத் தெருவில் அரண்மனை எதுவும் கிடையாது. அங்கே குடியிருந்த அர்மேனியரை நம் மக்கள் வாய்க்கு வந்தபடி அழைத்தார்கள்; அர்மேனியன் அரண்மனைக்காரன் ஆகிவிட்டான். பரங்கிமலையில் நாம் செபமாலை சொல்லிக்கொண்டு ஏறும் படிகளைக் கட்டிக் கொடுத்தவரும் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகர்தான். இவர்களுக்கும் ஒரு காலத்தில் அரசர்களும் அரண்மனைகளும் இருந்தன. அவற்றை எப்படி இழந்தார்கள் என்று இன்று பார்ப்போம்.

அர்மேனியா, 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட நாடு. பிறகு பாரசீகரும் அரேபியரும் ஆண்டார்கள். நீண்ட காலத்துக்குப் பின் 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பக்ராதுனி குலத்து அசோத் அரசராக முடிசூடினார். அவருக்குப் பாக்தாத்தின் கலீபாவும் மகுடம் அனுப்பினார், கான்ஸ்தாந்திநோபிளின் பேரரசரும் மகுடம் அனுப்பினார். இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே குடிசை போட்டவன் நிலைமைதான் அது.

அசோத்தின் மகன் சிம்பாத் காலத்தில் அந்தக் குடிசையில் தீப்பிடித்தது. தீ வைத்தது வெளியார் மட்டும் அல்ல. சிம்பாத்தின் சகோதரி மகன் காகிக், வஸ்புரகான் பகுதியின் தலைவர். 908-இல் அவர், தாய்மாமனுக்கு எதிரியான யூசுப் என்ற ஆளுநரிடம் தனி மகுடம் வாங்கிக்கொண்டார். தனித்து விடப்பட்ட சிம்பாத் ஒரு கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டார். உள்ளே இருந்தவர்கள் சாவதைக் காணப் பொறுக்காமல் தாமே வெளியே வந்து சரணடைந்தார். யூசுப் அவரைச் சித்திரவதை செய்து கொன்றான். உடலைத் துவின் நகரில் சிலுவையில் தொங்கவிட்டான். 914-ஆம் ஆண்டு வாக்கில் நடந்தது இது. மாமனைக் கைவிட்ட அதே காகிக், வான் ஏரியின் தீவு ஒன்றில் திருச்சிலுவை ஆலயம் கட்டினார். மிக அழகான ஆலயம், இன்றும் நிற்கிறது. மனித மனத்தை என்னவென்று சொல்வது!

சிம்பாத்தின் மகன், இரும்பு அசோத் என்று பெயர் பெற்றவர், போராடி நாட்டை மீட்டார். அதன்பின் வந்த மூன்றாம் அசோத்தை மக்கள் இரக்கமுள்ளவர் என்று அழைத்தார்கள். ஏழைகளையும் நோயாளிகளையும் தம் பந்தியில் உட்கார வைத்தவர். அவர் இறந்தபோது கருவூலம் காலியாக இருந்ததாம். 961-இல் ஆனி என்ற ஊரைத் தலைநகராக்கியவர் அவரே. அவர் மகன் முதலாம் காகிக் காலத்தில், 1001-இல், அங்கே பேராலயம் எழுந்தது. அதைக் கட்டிய திரிதாத் என்ற கட்டடக் கலைஞர்தான், நிலநடுக்கத்தில் இடிந்த கான்ஸ்தாந்திநோபிள் ஹாகியா சோபியாவின் குவிமாடத்தையும் செப்பனிட்டவர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் மறைவல்லுநராக அறிவித்த நாரேக் நகர்ப் புனித கிரகோரி வாழ்ந்ததும் இந்தக் காலத்தில்தான்.

ஆனால் இரக்கமுள்ள அசோத் செய்த ஒரு காரியம் பின்னால் வினையானது. தம்பிக்குக் கார்ஸ், மகன் ஒருவருக்கு லோரி என்று பாகம் பிரித்துக் கொடுத்தார். காகிக் இறந்ததும் அவருடைய மகன்கள் இருவரும் அரியணைக்காக ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்றார்கள். நம் சிவகிரியும் பாளையமாக, ஜமீனாக இருந்த ஊர். பங்காளிச் சண்டை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மூத்தவரான ஹோவன்னஸ் சிம்பாத், தமக்குப் பின் ஆனி பேரரசருக்கே சேரும் என்று 1022-இல் எழுதிக் கொடுத்தார். அந்தப் பேச்சை நடத்தியவர் அவர்களுடைய திருச்சபைத் தலைவரான கத்தோலிக்கோஸ் பெத்ரோஸ். ஆயனே பத்திரம் எழுதத் துணை போனது நமக்குக் கசக்கிறது. கடைசி அரசர் இளைஞர் இரண்டாம் காகிக். அவரைக் கான்ஸ்தாந்திநோபிளுக்கு விருந்தாளிபோல் வரவழைத்துத் திரும்ப விடவில்லை. 1045-இல் ஆனி கைமாறியது. 19 ஆண்டுகளில், 1064-இல், செல்ஜுக் சுல்தான் ஆல்ப் அர்ஸ்லான் அதைப் பிடித்துச் சூறையாடினார். கிறிஸ்தவப் பேரரசு கேட்டு வாங்கிய நகரை அதனால் காக்க முடியவில்லை.

அரசர் வேண்டும் என்று இஸ்ரயேல் மக்கள் கேட்டபோது, அரசன் உங்கள் பிள்ளைகளையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரித்தார் அல்லவா? அர்மேனியர் அந்தப் பாடத்தைச் சென்னையில் எழுதினார்கள். சிதறிய அவர்களில் சிலர் பாரசீகத்தின் புதிய ஜூல்பாவிலிருந்து வணிகம் செய்ய இங்கே வந்தனர். அவர்களில் ஷாஹாமிர் ஷாஹாமிரியான் என்பவர் சென்னையில் அச்சகம் வைத்தார். அங்கே 1772-இல் வந்த ஒரு நூல், அரசர்களின் தன்னிச்சையான ஆட்சியே நாட்டை வீழ்த்தியது என்றது. அர்மேனியாவில் இருந்த கத்தோலிக்கோஸ் சிமியோன் அந்த நூலைக் கடுமையாக எதிர்த்தார். ஷாஹாமிரியான் நிறுத்தவில்லை. முகப்பில் 1773 என்ற ஆண்டைத் தாங்கிய அடுத்த நூல், விடுதலை அடையப்போகும் அர்மேனியாவுக்கான சட்டத் தொகுப்பு. அதன்படி சட்டமே எல்லாருக்கும் மேல். ஆட்சியாளரை மக்களின் பேரவை தேர்ந்தெடுக்கும். நாடே இல்லாதவர்கள் எழுதிய அரசியல் சட்டம் அது, நம் தமிழ் மண்ணில் அச்சானது.