நேபாளத்துக் காடுகளும் வெளிநாட்டு நிபுணரும்

நேபாள மலைநாட்டுக் குடியானவனுக்கு விறகும், மாட்டுக்குத் தழையும், வயலுக்கு உரமும் அளிப்பது காடேயாகும். 1957ஆம் ஆண்டில் அரசாங்கம் தனியார் காடுகளை நாட்டுடைமையாக்கிற்று. காக்கும் ஆளணியோ போதாது. ஊரார்க்கு உரித்தாயிருந்த காடு உரியவரற்றதாய்ப் பல இடங்களில் அழிந்ததென ஆராய்ச்சியாளர் பலர் கூறுவர்.

1978இல் பஞ்சாயத்துக் காட்டு விதிகள் பிறந்தன. அவ்வாண்டிலேயே சிந்துபால்சோக், காவ்ரேபலாஞ்சோக் மாவட்டங்களில் அவுஸ்திரேலிய உதவித் திட்டமொன்று தொடங்கியது. 1980இல் உலக வங்கியின் நிதியும் உணவு விவசாயத் தாபனத்தின் நிபுணத்துவமும் வந்துசேர்ந்தன. நாற்றுமேடை அமைத்தலும் மரம் நடுதலுமே ஆரம்பத்தில் முதன்மை பெற்றன. ஆயின், ஏட்டில் எழுதாத விதிகளால் ஊரார் தாமே காத்துவந்த காடுகள் பல உண்டென்பதை நிபுணர் காலப்போக்கிற் கண்டனர். கற்பிக்க வந்தோர் கற்றுக்கொண்டனர்.

1993ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம், காட்டைப் பயன்படுத்துவோர் குழுக்களுக்கு அதனை முகாமை செய்யும் உரிமையை வழங்கிற்று. இன்று இத்தகைய குழுக்கள் 20,000க்கு மேற்பட்டவை. 2015இல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டின் பரப்பில் 40.36 சதவீதம் காடாகும். மக்கள் வேலைதேடி வெளியேறியதும் காடு மீண்டும் தழைத்தமைக்கு ஒரு காரணமே. குழுக்களுள் வறியோர் குரல் தாழ்ந்தொலிக்கும் குறையும் உண்டு. எனினும், அயலாரின் அறிவு ஊராரின் உரிமையோடு இணைந்தபோதே பயன்தந்தது என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்துகின்றது.